ஃபோர்காஸ்ட் வேற, ப்ரெடிக்ட் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல வர்ற மாணவர் பக்கத்தை எங்க ஸ்கூல் பிள்ளைங்க வெட்டி நோட்டுல ஒட்டி வச்சுப் படிக்கிறாங்க, அதனால அதுல என்ன அச்சாகுதோ அதுதான் அவங்களுக்கு சட்டம், டீச்சர் நான் வேற மாதிரி சொன்னாக்கூட "பேப்பர்லயே போட்டிருக்கு மிஸ்"னு சொல்லுவாங்க. சமீபத்துல அந்தப் பக்கத்துல ஃபோர்காஸ்ட்ங்கற வினைச்சொல்லுக்கு "முன்கூட்டியே சொல்லுதல்"னு ஒரே வரியில அர்த்தம் போட்டு, ப்ரெடிக்ட், ஃபோர்டெல், ப்ராஃபஸை எல்லாத்துக்கும் அதே அர்த்தத்தைக் கொடுத்து, நாலையும் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்னு ஒரு குறிப்பும் சேர்த்திருந்தீங்க. அப்படிப் போட முடியாதுங்க. பரீட்சையில ஒரு மார்க் போறது பத்தி நான் கவலைப்படல, கடலோர மாவட்டத்துல வளர்ற பிள்ளைங்களுக்கு இந்த ஒரு சொல்லு சரியா புரியணும்னு நினைக்கிறேன், அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கங்க.

ஃபோர்காஸ்ட்ங்கற சொல்லு இங்கிலீஷ்ல ரொம்பப் பழசு. ஃபோர்னா முன்னாடி, காஸ்ட்னா எறியறதுன்னு மட்டும்தான் பசங்களுக்குத் தெரியும், ஆனா காஸ்ட்டுக்கு கணக்குப் போடுறதுன்னும் ஒரு அர்த்தம் உண்டு, ஜாதகம் கணிக்கிறதை இங்கிலீஷ்ல சொல்லும்போது இன்னைக்கும் காஸ்ட்ங்கற வினைச்சொல்லைத்தான் போடுறாங்க. அந்தக் காலத்துல ஃபோர்காஸ்ட்னா முன்னாடியே யோசிச்சு திட்டம் போடுறது, கணக்குப் பார்த்து வைக்கிறது, அவ்வளவுதான். வானிலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. வானிலைக்குள்ள இந்தச் சொல்லை தெரிஞ்சே, யோசிச்சே கொண்டு வந்தவர் ஒருத்தர் இருக்கார், அவர் கதையைச் சொன்னா அர்த்தம் தானா விளங்கிடும், நான் கிளாஸ்ல எப்பவும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அவர் பேரு ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வின் உலகத்தைச் சுத்தி வந்த பீகிள் கப்பல் இருக்குல்ல, 1831ல இருந்து 1836 வரைக்கும் போன அந்தப் பயணத்துல கேப்டன் இவருதான். அப்புறம் கொஞ்ச காலம் நியூசிலாந்துல கவர்னரா இருந்தார், 1854ல லண்டன்ல வானிலை விவரங்களைச் சேகரிக்கிறதுக்குன்னு அரசாங்கம் ஒரு சின்ன ஆபீஸ் தொடங்குனப்போ அதுக்குத் தலைவரா இவரைப் போட்டாங்க. கப்பல்ல இருந்து வர்ற காத்து, காத்தழுத்தம், வெப்பநிலை கணக்கையெல்லாம் வாங்கி அட்டவணை போடுறதுதான் வேலை, நாளைக்கு என்ன ஆகும்னு சொல்றது வேலையில்லை. ஆனா 1859 அக்டோபர்ல ஒரு பெரிய புயல் வந்துச்சு. ஆஸ்திரேலியாவுல தங்கம் சம்பாதிச்சுட்டு ஊர் திரும்புனவங்களோட மெல்போர்ன்ல இருந்து லிவர்பூலுக்கு வந்துகிட்டிருந்த ராயல் சார்ட்டர்ங்கற கப்பல், கரைக்கு ரொம்பப் பக்கத்துல, வேல்ஸ்ல ஆங்கிள்சி தீவோட பாறையில மோதி உடைஞ்சு ஏறக்குறைய 450 பேர் செத்துப் போனாங்க. அந்த ஒரே புயல்ல நூத்துக்கும் மேல கப்பல் போச்சு. தந்தி வந்தாச்சு, ஒரு ஊர்ல காத்தழுத்தம் இறங்குறதை இன்னொரு ஊருக்கு நிமிஷத்துல சொல்லிடலாம், அப்படி இருக்கும்போது இத்தனை பேரை ஏன் சாக விடணும்னு ஃபிட்ஸ்ராய் கேட்டார்.

1861 பிப்ரவரியில துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை தந்தி அனுப்ப ஆரம்பிச்சார். தந்தி வந்ததும் துறைமுகத்துல ஒரு கம்பத்துல கித்தான்ல செஞ்ச கூம்பையும் உருளையையும் ஏத்துவாங்க, கூம்பு மேல பார்த்தா வடக்குப் பக்கத்துக் காத்து, கீழ பார்த்தா தெற்குப் பக்கத்துக் காத்து, உருளையும் சேர்ந்தா ரொம்ப மோசம், ராத்திரியில இதே வடிவத்துல விளக்கு. படிக்கத் தெரியாத மீனவனுக்கும் தூரத்துல இருந்து புரியும். நம்ம ஊர்ல "ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கை கூண்டு ஏற்றம்"னு உங்க பேப்பர்ல வருஷா வருஷம் போடுறீங்களே, அது இந்த வழியில வந்ததுதான். இந்தக் கூண்டு பத்திக் கீழ இன்னொரு விஷயம் சொல்லணும்.

அந்த 1861லயே ஆகஸ்ட் 1ஆம் தேதி லண்டன் டைம்ஸ் பேப்பர்ல, அடுத்த ரெண்டு நாளைக்கு வடக்குல மிதமான மேற்குக் காத்து, மேற்குல மிதமான தென்மேற்குக் காத்து, தெற்குல கொஞ்சம் பலமான மேற்குக் காத்து, எல்லா இடத்துலயும் வானம் நல்லா இருக்கும்னு மூணு வரி வந்துச்சு. பொதுஜனத்துக்காகப் பேப்பர்ல வந்த வானிலை ஃபோர்காஸ்ட்ல முதல்னு அதைத்தான் சொல்றாங்க. அந்த மூணு வரிக்கு மேலயும் "இருக்கக்கூடிய வானிலை"ங்கற அர்த்தத்துலதான் தலைப்பு. நிச்சயம்னு அவர் எங்கயுமே சொல்லல.

அப்ப மழை வரும் காத்து வரும்னு சொல்றவங்க ஊரெல்லாம் இருந்தாங்க, நட்சத்திரம் பார்த்துச் சொல்றவங்க, நிலா பார்த்துச் சொல்றவங்க, வருஷம் முழுசுக்கும் தேதி வாரியா வானிலை அச்சடிச்சு ஆல்மனாக் வித்தவங்க. அவங்க செஞ்சதுக்கு இங்கிலீஷ்ல ப்ரெடிக்ஷன், ப்ராஃபஸின்னு ரெண்டு பேர் ஏற்கனவே இருந்துச்சு. ஃபிட்ஸ்ராய் அந்த ரெண்டு சொல்லையும் வேணாம்னுட்டார். 1863ல வந்த அவர் புஸ்தகத்துல இதை வெளிப்படையாவே எழுதியிருக்கார், நாங்க சொல்றது தீர்க்கதரிசனமும் இல்லை ப்ரெடிக்ஷனும் இல்லை, அறிவியல் முறையில விவரங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டு அதுல இருந்து வர்ற ஒரு அபிப்பிராயம், அதுக்குத்தான் ஃபோர்காஸ்ட்ங்கற சொல்லு பொருந்தும்னு. அபிப்பிராயம்ங்கறதை கவனிங்க ஐயா. கையில இருக்கற தகவலை வச்சு இப்படி ஆக வாய்ப்பிருக்குன்னு நினைக்கிறேன், தகவல் மாறுனா என் அபிப்பிராயமும் மாறும், இதுதான் அந்த வினைச்சொல்லுக்குள்ள இருக்கு. "முன்கூட்டியே சொல்லுதல்"னு போட்டா இது அத்தனையும் கழண்டு விழுந்துடுது.

அவருக்கு நல்ல முடிவு கிடைக்கல. ஃபோர்காஸ்ட் தப்பும்போதெல்லாம் கிண்டல் பண்ணாங்க, விஞ்ஞானிகள்லயே பல பேர் இது அறிவியலே இல்லைன்னாங்க, உடம்பு முடியல, பணக் கஷ்டம், மனச்சோர்வு, 1865 ஏப்ரல் 30ஆம் தேதி தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டார். அடுத்த வருஷம் ஒரு கமிட்டி போட்டு ஃபோர்காஸ்ட்டையும் நிறுத்துனாங்க, புயல் எச்சரிக்கையையும் நிறுத்துனாங்க, துறைமுகங்கள்ல எதிர்ப்பு கிளம்பி எச்சரிக்கை மட்டும் 1867ல திரும்ப வந்துச்சு, பேப்பர்ல வர்ற ஃபோர்காஸ்ட் 1879ல தான் வந்துச்சு. 2002ல பிரிட்டன்ல ஃபினிஸ்டர்னு இருந்த ஒரு கடல் பகுதியோட பேரை மாத்தி ஃபிட்ஸ்ராய்னு வச்சாங்க, அதனால பிபிசி ரேடியோவுல கப்பல்களுக்கான ஃபோர்காஸ்ட் வாசிக்கும்போது தினமும் அவர் பேரு வருது. எனக்கு இது ரொம்ப நியாயமாப் படுது.

அமெரிக்காவுலயும் இந்தச் சொல்லுக்கு சுலபமா இடம் கிடைக்கல. 1870கள்ல அரசாங்கமே வெளியிட்ட வானிலை அறிக்கைக்கு முதல்ல ப்ராபபிலிட்டீஸ்னு பேரு, அதாவது வாய்ப்புகள், 1876ல அதை இண்டிகேஷன்ஸ்னு மாத்துனாங்க, அதாவது அறிகுறிகள், 1889ல தான் ஃபோர்காஸ்ட்டுக்கு வந்தாங்க. மூணுமே அடக்கமான சொல்லு, மூணுலயும் ப்ரெடிக்ஷன் இல்லை பாருங்க.

அப்ப ப்ரெடிக்ட் எங்க வரும்? குறிப்பிட்டு, இது இப்படித்தான்னு சொல்ற இடத்துல வரும். கிரகணம் ப்ரெடிக்ட் பண்ணுவாங்க, யாரும் ஃபோர்காஸ்ட் பண்ண மாட்டாங்க. 2019 டிசம்பர் 26ல கோயம்புத்தூர்லயும் திண்டுக்கல்லயும் நெருப்பு வளையமா சூரியன் தெரிஞ்சுதே, அது எத்தனையோ வருஷம் முன்னாடியே கணக்குல இருந்துச்சு. 1825ல பாண்டிச்சேரியில பஞ்சாங்கம் கணிக்கற தமிழர் ஒருத்தர், தரையில சோழியைப் பரப்பி, மனப்பாடமா வச்சிருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லியே அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுனதை ஜான் வாரன்ங்கற அதிகாரி எழுதி வச்சிருக்கார், உண்மையான நேரத்துக்கும் அவர் சொன்னதுக்கும் ஒரு மணி நேரம் கூட வித்தியாசம் இல்லை. அதுதான் ப்ரெடிக்ட். அதே மாதிரி கடல் ஏத்தம் இறக்கம், துறைமுகத்துல அட்டவணை போட்டு வச்சிருப்பாங்கல்ல, அதுக்கு இங்கிலீஷ்ல டைட் ப்ரெடிக்ஷன்னுதான் பேரு, ஏன்னா சூரியனும் சந்திரனும் எங்க இருக்கும்ங்கறதுல சந்தேகமே இல்லை. ஆனா புயல் வந்து கடல் உள்ள ஏறுறது, ஸ்டார்ம் சர்ஜ், அது ஃபோர்காஸ்ட். ஒரே கடல், ஒரே தண்ணி, ரெண்டு வினைச்சொல்லு. என் பசங்களுக்கு இந்த ஒரு உதாரணம் சொன்னா போதும், பாதிப் பேர் மீன்பிடிக் குடும்பம், டக்குனு பிடிச்சுக்கறாங்க.

ஆனா ப்ரெடிக்ட்னா எப்பவும் பலிக்கும்னு அர்த்தமில்லை, அதையும் சொல்லிடணும். மேட்ச்ல யார் ஜெயிப்பாங்கன்னு சொல்றதும் ப்ரெடிக்ட்தான். குறிப்பா ஒண்ணைச் சொல்லி அதுல நிக்கிறது, பலிச்சா பலிச்சுது, இல்லைன்னா தப்பு, நடுவுல எதுவும் கிடையாது. நிலநடுக்கத்துல இந்த வித்தியாசத்தை ரொம்பக் கண்டிப்பா வச்சிருக்காங்க. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் என்ன சொல்லுதுன்னா, நாள் நேரம், இடம், எவ்வளவு பெருசு மூணையும் சொன்னாத்தான் ப்ரெடிக்ஷன், அப்படி எந்தப் பெரிய நிலநடுக்கத்தையும் யாரும் இதுவரை ப்ரெடிக்ட் பண்ணதில்லை, எங்களால இத்தனை வருஷத்துக்குள்ள இத்தனை சதவீத வாய்ப்புன்னு ஃபோர்காஸ்ட்தான் பண்ண முடியும்னு. கலிஃபோர்னியாவுல பார்க்ஃபீல்டுன்னு ஒரு சின்ன ஊர், 1857, 1881, 1901, 1922, 1934, 1966னு ஒரு இடைவெளியில நிலநடுக்கம் வந்துகிட்டே இருந்துச்சு, அதை வச்சு 1993க்குள்ள அடுத்தது வரும்னு சொன்னாங்க, கருவியெல்லாம் நட்டுக் காத்துகிட்டிருந்தாங்க, 2004 செப்டம்பர்ல தான் வந்துச்சு.

இத்தாலியில லாக்விலான்னு ஒரு ஊர், அங்க நடந்ததை நினைச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்கும். சின்னச் சின்ன நடுக்கம் மாசக்கணக்கா வந்துகிட்டிருந்துச்சு, ஒருத்தர் இதோ பெருசு வரப்போகுதுன்னு ப்ரெடிக்ட் பண்ணி ஜனங்களைப் பயமுறுத்திட்டார்னு, 2009 மார்ச் 31ல விஞ்ஞானிகள் கூட்டம் போட்டாங்க, அதுல கலந்துகிட்ட அதிகாரி ஒருத்தர் ஆபத்தில்லைன்னு டிவியில சொன்னார். வாய்ப்பு கம்மின்னு சொல்ல வேண்டிய இடத்துல ஆபத்தில்லைன்னு போயிடுச்சு. ஏப்ரல் 6 ராத்திரி நிலநடுக்கம் வந்து 300க்கும் மேல ஆள் செத்தாங்க. 2012ல அந்த அதிகாரியும் ஆறு விஞ்ஞானிகளுமா ஏழு பேருக்கும் ஆறு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு, 2014ல அப்பீல்ல ஆறு விஞ்ஞானிகளும் விடுதலை. வாய்ப்பைப் பேச வேண்டிய இடத்துல நிச்சயத்தைப் பேசுனதோட விலை அது.

மத்த சொல்லுங்களைச் சீக்கிரம் முடிச்சுடறேன். ஃபோர்டெல் கதையிலயும் பழைய எழுத்துலயும்தான் அதிகம், கிளியும் குறிகாரரும் சொல்றது அது. ப்ராஃபஸைங்கறது தீர்க்கதரிசி சொல்றது, வினைச்சொல்லுக்கு கடைசியில "சை"னு உச்சரிப்பு, பெயர்ச்சொல்லுக்கு "சி"னு உச்சரிப்பு, ஒரு எழுத்தும் மாறும், உங்க பக்கத்துல ரெண்டும் ஒண்ணாப் போயிருக்கு. ப்ராஜெக்ட்ங்கற வினைச்சொல்லை நீங்க விட்டுட்டீங்க, ரிசர்வ் வங்கி வளர்ச்சி விகிதம் சொல்லும்போது அதைத்தான் பயன்படுத்துது, இந்த இந்த அனுமானம் சரியா இருந்தா இந்த எண் வரும்னு அர்த்தம்.

இலக்கணத்துல ஒரு திருத்தம். ஃபோர்காஸ்ட்டுக்கு இறந்தகாலம் ஃபோர்காஸ்டட் மட்டும்தான்னு போட்டிருந்தீங்க. காஸ்ட் எப்படி மூணு காலத்துலயும் காஸ்ட்டாவே நிக்குதோ அப்படி ஃபோர்காஸ்ட்டும் மாறாம நிக்கும், ஃபோர்காஸ்டடும் அகராதியில இருக்கு, ரெண்டும் சரி, பேப்பர் எழுத்துல மாறாத வடிவம்தான் அதிகம் பார்ப்பீங்க. பரீட்சை பேப்பர் திருத்துறவங்க ஒண்ணை மட்டும் சரின்னு அடிச்சுடக்கூடாது.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். உங்க பேப்பர்ல மழைச் செய்தி எப்படி வருதுன்னு பாருங்க. வானிலை ஆய்வு மையத்தோட இங்கிலீஷ் அறிக்கையில லைக்லி, வெரி லைக்லி, மோஸ்ட் லைக்லின்னு மூணு படி இருக்கு, அது சும்மா அழகுக்குப் போட்டது இல்லை, லைக்லின்னா 25ல இருந்து 50 சதவீதம் வாய்ப்பு, வெரி லைக்லின்னா 50ல இருந்து 75, மோஸ்ட் லைக்லின்னா 75க்கு மேல. இந்த மூணும் தமிழ்ச் செய்தியில வரும்போது "வாய்ப்பு"ங்கற ஒரே சொல்லா ஆயிடுது, தலைப்புக்குப் போகும்போது அந்த வாய்ப்பும் காணாமப் போயி "நாளை கனமழை கொட்டும்"னு நிக்குது. முப்பது சதவீதமும் எண்பது சதவீதமும் படிக்கிறவனுக்கு ஒண்ணாப் போச்சு. ஓரிரு இடங்களில்னு மையம் சொன்னா அந்தப் பகுதியில இருக்கற மழைமானி நிலையங்கள்ல கால்வாசிக்கு மேல போகாதுன்னு அர்த்தம், அதையும் தலைப்புல விட்டுடறீங்க, மாவட்டம் முழுசும் கொட்டப் போகுதுன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. மறுநாள் தன் தெருவுல வெயில் அடிச்சா "இவங்க சொன்னா மழை வராது"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. இதுல தப்பு ஃபோர்காஸ்ட் பண்ணவங்க மேல இல்லைங்க. 30 சதவீதம்னு சொன்ன நாளெல்லாத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்து, பத்து நாளுக்கு மூணு நாள்ங்கற கணக்குல மழை பெஞ்சிருந்தா அவங்க சொன்னது ரொம்பச் சரி. ஒரு நாளை வச்சு ஃபோர்காஸ்ட்டைத் தப்புன்னு சொல்ல முடியாது, இதை அளக்கறதுக்குன்னே 1950ல க்ளென் ப்ரையர்ங்கறவர் ஒரு கணக்குமுறை கொடுத்தார், இன்னைக்கும் உலகம் முழுக்க அதை வச்சுத்தான் பார்க்குறாங்க.

2018 கஜா புயலை எடுத்துக்கங்க. முதல்ல வந்த அறிக்கையில கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவுல கரையைக் கடக்கும்னு இருந்துச்சு, அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுலன்னு மாறுச்சு, நவம்பர் 16 விடியக்காலம் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கடந்துச்சு. "மாத்தி மாத்திச் சொல்றாங்க"ன்னு ஜனங்க பேசிக்கிட்டாங்க. மாத்தறதுதான் ஃபோர்காஸ்ட். கடல்ல இருந்து புதுத் தகவல் வர வர அபிப்பிராயத்தைத் திருத்திக்கிட்டே வர்றதுதான் அந்த வேலை, ஃபிட்ஸ்ராய் அந்தச் சொல்லை எடுத்ததே அதுக்காகத்தான். முதல் அறிக்கையை ப்ரெடிக்ஷனா எடுத்துக்கிட்டு "நமக்கு இல்லை, வடக்கே போகுது"ன்னு இருந்துட்டா என்ன ஆகும்னு எங்க பக்கம் தென்னந்தோப்பை இழந்தவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. புயல் பாதைப் படத்துல நடுக்கோட்டைச் சுத்தி அகலமா ஒரு பகுதி நிழலா போட்டிருப்பாங்க, புயல் அதுக்குள்ள எங்க வேணா போகலாம், நீங்க படம் போடும்போது அந்த நிழலை எடுத்துட்டு நடுக்கோட்டை மட்டும் சிவப்பா போடுறீங்க. தயவுசெஞ்சு அந்த நிழலை விட்டுடாதீங்க.

கூண்டு விஷயமும் இதே கதைதான். 1ஆம் எண் கூண்டுன்னா தூரக் கடல்ல ஒரு தாழ்வு இருக்கு, துறைமுகத்துக்கு இப்ப பாதிப்பில்லை, ஆனா கப்பல் வெளிய போறப்ப பார்த்துப் போன்னு அர்த்தம். 11ஆம் எண் பத்தித் தெரியாதவங்க அதிகம், பத்தை விடப் பெரிய புயல்னு நினைக்கிறாங்க, உண்மையில வானிலை மையத்தோட தகவல் தொடர்பு அறுந்து போச்சு, நிலைமை மோசமாகலாம்னு உள்ளூர் அதிகாரி நினைக்கிறார்னு சொல்றதுதான் 11. இனிமே அபிப்பிராயம் சொல்ல எங்ககிட்ட தகவல் இல்லைங்கறதுக்கும் ஒரு கூண்டு வச்சிருக்காங்க பாருங்க, எவ்வளவு நேர்மையான ஏற்பாடு. இதைக் கூண்டு ஏத்துற நாள்ல ஒரு சின்னப் பெட்டிச் செய்தியா போட்டீங்கன்னா ஊருக்கே உபயோகமா இருக்கும்.

நான் கேக்குறது இவ்வளவுதான் ஐயா. மாணவர் பக்கத்துல அந்தக் குறிப்பைத் திருத்தி, ஃபோர்காஸ்ட்டுக்குத் தனியா ஒரு விளக்கம் போடுங்க, கிரகணத்தையும் மழையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ரெண்டு உதாரண வாக்கியம் கொடுத்தா பசங்க பிடிச்சுக்குவாங்க. செய்திப் பக்கத்துல மழை, புயல் சொல்லும்போது மையம் சொன்ன வாய்ப்போட அளவையும், அந்த அறிக்கை எத்தனை மணிக்கு வெளியானதுன்னும் சேர்த்துப் போடுங்க, ராத்திரி அச்சுக்குப் போற பேப்பர் காலையில டீக்கடைக்கு வரும்போது புது அறிக்கை வந்திருக்கும், மணி போட்டிருந்தா படிக்கிறவங்க அடுத்ததைத் தேடிப் பார்ப்பாங்க. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்குது, அதுக்கு முன்னாடி இதைச் செஞ்சீங்கன்னா ரொம்ப நன்றியா இருப்பேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.